ஐந்தாவது டப்பா

டப்பாவில் நூறு ரூபாய் கூடுதலாக இருந்தது.

கலைவாணன் மறுபடி எண்ணினான். ஞாயிற்றுக்கிழமை எண்ணியபோது ஆயிரத்துத் தொள்ளாயிரம். இன்று செவ்வாய். இரண்டாயிரம். எல்லாம் நூறு ரூபாய் நோட்டுகள். இடையில் அவன் ஒரு பைசா போடவில்லை. வீட்டில் அவனையும் ஏழு வயது துர்காவையும் விட்டால் வேறு ஆள் கிடையாது.

குறைந்திருந்தால் புரிந்திருக்கும். எட்டு மாதமாக அந்த வீட்டில் எல்லாம் குறைந்துகொண்டுதான் வந்தது. கூடுவது புதிது.

அவன் பி.காம். படித்தவன். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஆடிட்டர் பரசுராமன் ஆபீஸில் வேலை. ஊரார் கணக்கைச் சரிபார்ப்பதுதான் தொழில். பரசுராமன் புதிதாகச் சேரும் ஆட்களிடம் ஒன்று சொல்வார். "கணக்குல காசு குறைஞ்சா எவனோ திருடறான்னு அர்த்தம். கூடினா, எவன் காசுன்னே தெரியாம நாம வெச்சிக்கினு இருக்கோம்னு அர்த்தம். பயப்படறதா இருந்தா ரெண்டாவதுக்குப் பயப்படுப்பா."

மனைவி சங்கரி மாசி மாதம் போனாள். டெங்கு. ஆறு நாள். அதுவரை அவன் முதல் தேதி பதினேழாயிரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டவன். அவள் அதை நான்கு டப்பாக்களில் பிரித்துப் போடுவாள். வாடகை, மளிகை, பால் காஸ், ஸ்கூல். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதி ஒட்டியிருப்பாள். அவள் போன பிறகு அவனும் அதே டப்பாக்களில் அதே தொகையைப் போட்டான். ஆனால் அவள் கையில் முப்பது நாள் வந்த மளிகை டப்பா அவன் கையில் இருபதாம் தேதி வாயைத் திறந்துவிட்டது. மளிகைக்குப் பாலிலிருந்து எடுத்தான். பாலுக்கு வாடகையிலிருந்து எடுத்தான். வாடகைக்கு எங்கிருந்து எடுப்பது என்று தேடிய அன்றுதான் ஐந்தாவது டப்பா கண்ணில் பட்டது.

அது அடுப்படி ஜன்னல் திட்டில் இருந்தது. பழைய பிஸ்கட் டின். மூடியில் உண்டியல்போல ஒரு கீறல். எழுத்து எதுவும் இல்லை. திறந்தால் கட்டாக நோட்டுகள். சங்கரி சிறுவாடு சேர்த்திருக்கிறாள் என்று நினைத்தான். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். பிறகு வாடகைக்கு எடுத்தான்.

அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டே இருந்தான். துர்காவுக்கு இரண்டாம் தவணை ஃபீஸ் ஐயாயிரத்து ஐந்நூறு அதிலிருந்து போனது. காய்ச்சலுக்கு டாக்டர், மூன்று காஸ் சிலிண்டர், ஒரு ஜோடி ஷூ. எடுக்க எடுக்க இருந்தது. ஒரு தடவைகூட அவன் எண்ணவில்லை. எண்ணினால் எந்த நாளில் தீரும் என்று தெரிந்துவிடும். அந்தப் பயம்.

எண்ண வைத்தது மங்கையர்க்கரசி. சங்கரியின் அக்கா. ஐயம்பேட்டையில் வீடு. கணவர் மாணிக்கவேலுக்கு அங்கே உரக்கடை. பிள்ளை இல்லை. சங்கரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும்போதே பேச்சு வந்தது. "கொழந்தைய நாங்க வளக்கறோம்." அவன் முடியாது என்றான். பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வருஷத் தவணை கொடுத்தார்கள். வருஷத் திதிக்குள் அவன் வீட்டை ஒழுங்காக நடத்திக் காட்டினால் துர்கா அவனிடம். இல்லையென்றால் ஐயம்பேட்டை. அவனும் தலையாட்டியிருந்தான். அன்று யார் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பான்.

அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மங்கையர்க்கரசி அண்ணி வருவாள். நேரே அடுப்படிக்குப் போவாள். டப்பாக்களைத் திறப்பாள். அந்த ஞாயிறும் திறந்தாள்.

"இன்னா கலை, தேதி நாலுதான் ஆவுது. மளிகை டப்பா பாதி காலி?"

"எண்ணெய் வாங்கினேன் அண்ணி."

"எண்ணெய் வாங்கினியா, செக்கையே வாங்கிட்டியா?" துர்காவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இங்க பாரு. கை முட்டி எலும்பு கண்ணுக்குத் தெரியுது. அங்க ரெண்டு கறவை மாடு நிக்குது. குடிக்க ஆளு இல்லாம டீக்கடைக்கு ஊத்திக்கினு இருக்கேன்."

மாணிக்கவேல் வாசலில் நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னாது ஜன்னல்ல?"

"சங்கரியோட சிறுவாடு."

"எவ்ளோ இருக்குது?"

அவன் விழித்தான்.

"தெரியாதா? ஊரு கணக்கெல்லாம் பாக்கறவனுக்கு உன் வூட்டு டப்பா தெரியாதா?" அண்ணி சிரிக்கவில்லை. "மாசி ஒண்ணும் தூரத்துல இல்லபா."

அன்று சாயங்காலம்தான் அவன் முதல்முறை எண்ணினான்.

செவ்வாய்க்கிழமை இரண்டாயிரம் ஆனதும் ஒரு துண்டுத் தாளில் தொகையை எழுதி நோட்டுகளின் மேல் வைத்தான். வெள்ளிக்கிழமை திறந்தான். தாள் வைத்த இடத்தில் இருந்தது. அதன் மேல் இரண்டு நூறு ரூபாய் நோட்டு கிடந்தது.

யாரோ வீட்டுக்குள் வருகிறார்கள். சாவி ஒன்றுதான். அது அவன் இடுப்பில். மாடியில் வீட்டுக்காரர் ஜாஹிர் பாயும் அவர் மனைவி மெஹதாபும். துர்கா பள்ளி விட்டு வந்ததும் மெஹதாபிடம்தான் இருப்பாள். அவர்களிடம் இன்னொரு சாவி இருக்குமோ? இருந்தாலும், எந்த வீட்டுக்காரர் குடியிருப்பவன் டப்பாவில் பணம் போடுவார்? அதைப் போய்க் கேட்கவும் முடியாது. கேட்டால் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். அந்தப் பேச்சு ஐயம்பேட்டை போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? ஷேர் ஆட்டோவில் அரை மணி.

நானூறு ரூபாய்க்குப் புதுப் பூட்டு வாங்கினான். அந்த நானூறும் ஐந்தாவது டப்பாவிலிருந்துதான் போனது. ஆயிரத்து எண்ணூறு மிச்சம். புதன்கிழமை ஆயிரத்துத் தொள்ளாயிரம். பூட்டு அப்படியே தொங்கியது.

பிறகு அவனுக்குத் துர்காமேல் சந்தேகம் வந்தது. அப்பன் காசில்லை காசில்லை என்று புலம்புவதைக் கேட்டுவிட்டு, குழந்தை மாடியிலிருந்து எடுத்துவந்து போடுகிறதோ? திருடி என்று ஒரு சொல் வெளியே வந்தால் போதும். மாசி வரைக்கும் யார் காத்திருப்பார்கள்?

காலையில் தலை பின்னும்போது கேட்டான். அவனுக்குப் பின்னல் இன்னும் நேராக வரவில்லை.

"துர்கா. மெஹதாப் ஆன்ட்டி வீட்ல காசு எதுனா எடுத்தியாமா?"

"இல்லப்பா."

"நெசமா சொல்லு. அப்பா அடிக்க மாட்டேன்."

"நான் எடுக்கல." உதடு பிதுங்கியது. "நான் ஒண்ணு சொன்னா திட்டுவியா?"

"திட்ட மாட்டேன்."

அவள் ஜன்னலைக் காட்டினாள். சட்டத்தில் ஓர் ஆணி. அதில் ஐந்து பட்டு நூல் இழைகள் தொங்கின. சிவப்பு, பச்சை, கடுகு மஞ்சள், கத்தரிப்பூ, நீலம். சங்கரி வீட்டிலிருந்தபடியே புடவைக்குக் குஞ்சம் கட்டுவாள். முந்தானை ஓரத்தில் பிரிபிரியாகத் தொங்கும் இழைகளை முடிச்சுப் போட்டு அழகுபடுத்தும் வேலை. அதில் மிஞ்சிய நூல் என்று அவன் நினைத்திருந்தான். அவள் கை தொட்டது என்று கழற்றாமல் விட்டிருந்தான்.

"அந்த நூல்ல முடிச்சு கூடிக்கினே போவுதுப்பா. நான் டெய்லி எண்றேன். சிவப்புல முப்பத்தஞ்சு இருந்துது. இப்ப முப்பத்தெட்டு. பச்சையும் கூடுது. நீலம் மட்டும் அப்படியே ஒம்போது."

அவன் பின்னலைப் பாதியில் விட்டான்.

"எப்பலேந்துமா எண்றே?"

"அம்மா செத்ததுலேந்து." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அம்மாவாப்பா?"

அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

அந்த மாதக் கடைசியில் அவன் டப்பாவைத் தொடவில்லை. தொடக் கை வரவில்லை. ரசமும் அப்பளமுமாக ஐந்து நாள் ஓட்டினான். ஆபீஸில் வருமான வரிக் கெடு நெருங்கி ஆளாளுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். அவன் பரசுராமன் முன்னால் போய் நின்று வெள்ளிக்கிழமை லீவு கேட்டான்.

"இப்பவா? இன்னாபா விஷயம்?"

"வீட்ல ஒரு கணக்கு சார்."

அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு சரியென்று கையை அசைத்தார்.

வெள்ளிக்கிழமை துர்காவைப் பள்ளியில் விட்டுவிட்டு, வழக்கம்போல ஆபீஸ் போவதுபோல் தெருமுனை வரை நடந்து, சுற்றிக்கொண்டு திரும்பினான். வெளிப்பூட்டைப் பூட்டியபடியே விட்டுவிட்டு காலையிலேயே உள்தாழ்ப்பாளை நீக்கி வைத்திருந்த மாடிப்படிப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே நுழைந்தான். ஃபேன் போடவில்லை. அடுப்படியில் ஒரு வாளியைக் கவிழ்த்து, ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் உட்கார்ந்தான்.

பத்து மணி. பதினொன்று. எதிர்வீட்டுத் தறிச் சத்தம் விட்டு விட்டு வந்தது. எங்கோ குக்கர் கத்தியது. வேர்வை முதுகில் இறங்கியது. வரக்கூடாது என்று ஒரு மனம் வேண்டியது. வரவேண்டும் என்று இன்னொன்று.

பன்னிரண்டரை வாக்கில் ஜன்னல் வெளிச்சம் மறைந்தது.

கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. முகம் தெரியவில்லை. மணிக்கட்டில் கண்ணாடி வளையல், விரல் நுனிகளில் சாயக் கறை. இரண்டாக மடித்த நோட்டு கீறலில் இறங்கியது. பிறகு அந்தக் கை ஆணிப் பக்கம் போய்ப் பச்சை நூலைத் தேடிப் பிடித்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் அசைந்தன. ஒரே சுழற்று. முடிச்சு விழுந்தது.

சங்கரி அப்படித்தான் போடுவாள். ஒற்றைக் கையால், பார்க்காமல், இன்னொரு கையால் பாலைக் கிண்டிக்கொண்டே.

"சங்கரி" என்றான் அவன். தன்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு வீறிட்ட ஓர் அலறல். வளையல் கம்பியில் மோதி உடைந்தது. ஓடும் காலடிச் சத்தம்.

அவன் பின்சந்துக்கு ஓடினான். சாக்கடை மூடியின்மேல் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்வரிசை வீட்டு அலமு. சங்கரிக்குத் தோழி. நாற்பது வயதிருக்கும்.

"அடப்பாவி அண்ணா, நீங்களா!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "பூட்டுன வூட்டுக்குள்ளேந்து செத்தவ பேரச் சொல்லிக் கூப்புட்டா? என் உசுரு இப்ப எங்க இருக்குதுன்னே தெரியல."

"நீங்கதான் காசு போடறீங்களா?"

"பின்ன பேயா போடும்? என் காசு, நான் போடறேன்."

"உங்க காசா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி புரியாதவள்போல் இருந்தது அந்தப் பார்வை.

"எங்க நாலு பேரு காசும் அண்ணா. சங்கரியோட சேத்தா அஞ்சு."

சாக்கடை மூடியில் உட்கார்ந்தபடியே சொன்னாள். ஒரு புடவைக்குக் குஞ்சம் கட்டினால் இருநூறு கூலி. அதில் நூறு வீட்டுக்கு, நூறு டப்பாவுக்கு. வீட்டில் வைத்தால் புருஷன் கண்ணில் படும். நஸ்னீன் வீட்டில் அவள் மைத்துனன் தலையணையைக்கூடத் தட்டிப் பார்ப்பானாம். அதனால் சங்கரி வீட்டு ஜன்னல். கம்பிக்குள் கை நுழையும், டப்பா நுழையாது. நோட்டுப் புத்தகம் கிடையாது. எழுத்தில் இருந்தால் யாராவது படித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நூல், நூறுக்கு ஒரு முடிச்சு. பச்சை அலமு. கடுகு மஞ்சள் நஸ்னீன். சிவப்பும் கத்தரிப்பூவும் மேட்டுத் தெரு அக்கா தங்கை இருவர். தீபாவளிக்கு முன்னால் பிரிப்பார்கள். நூலை எரித்துவிட்டுப் புது நூல் கட்டுவார்கள்.

"சங்கரி போனப்புறம் இன்னா பண்றதுன்னு யோசிச்சோம். வருஷம் திரும்பாத வூட்ல போயி காசுப் பேச்சு எடுக்கறதான்னு கூச்சமா இருந்துது. ஆனா டப்பா அங்கயேதான் இருந்துது. நூலையும் நீங்க கழட்டல. சரி, சங்கரி சொல்லி வெச்சிருக்கா, அண்ணன் பாத்துக்குறாருன்னு நெனச்சிக்கினோம். வாய தொறக்காத மனுசன்னு சங்கரியே சொல்லுவா." புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "திங்கக்கெழம பிரிச்சிடலாம் அண்ணா. நஸ்னீன் பொண்ணுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டணும்."

அவன் தலையாட்டினான்.

உள்ளே வந்து நூல்களைக் கழற்றித் தரையில் வரிசையாக வைத்தான். சிவப்பு நாற்பத்திரண்டு. பச்சை முப்பத்தெட்டு. கடுகு மஞ்சள் முப்பத்தாறு. கத்தரிப்பூ இருபத்தேழு. நூற்று நாற்பத்து மூன்று முடிச்சு. பதினாலாயிரத்து முந்நூறு. டப்பாவில் இருந்தது இரண்டாயிரத்து எழுநூறு.

பதினோராயிரத்து அறுநூறு ரூபாய். அவன் திருடியிருந்தான். நிதானமாக, எட்டு மாதம், ஒருநாளும் ஒளியாமல்.

நான்கையும் மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு நீல நூலை எடுத்தான். ஒன்பது முடிச்சு. சங்கரி சேர்த்தது தொள்ளாயிரம்தான். அதையும் அவன் எப்போதோ தின்றுவிட்டிருந்தான்.

திங்கட்கிழமைக்கு மூன்று நாள். ஆடிட்டர் ஆபீஸில் போனஸ் கிடையாது. தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் தருவார்கள். சங்கரியின் செயின் ஆஸ்பத்திரிச் செலவுக்கே அடகுக் கடைக்குப் போயிருந்தது. சனிக்கிழமை காலை ஜாஹிர் பாயிடம் கடன் கேட்க மாடி ஏறினான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க தம்பி, உக்காருங்க, டீ சாப்புடறீங்களா?" என்றார். போன மாத வாடகையை மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

மாணிக்கவேலிடம் கேட்கலாம். கேட்டால் உடனே தருவார். அதற்கு என்ன விலை என்பதும் தெரியும்.

பொய் சொல்லலாம். அடுத்த மாதம் பிரிக்கலாம் என்று. அல்லது நூலில் நாலைந்து முடிச்சுகளை... அந்த நினைப்பு வந்ததும் எழுந்துபோய் முகம் கழுவினான். அலமுவின் ஒன்றுவிட்ட தங்கையை ஐயம்பேட்டையில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. எந்த வழியில் போனாலும் அந்த ஊருக்குத்தான் போய் முட்டியது.

வெளிப்பார்வைக்கு அவன் எப்போதும்போலத்தான் இருந்தான். சோறு வடித்தான், பின்னல் போட்டான். சனிக்கிழமை முழுதும் துர்கா கூப்பிடும்போதெல்லாம் இன்னும் எத்தனை தடவை கூப்பிடுவாள் என்று மட்டும் உள்ளே ஒரு கணக்கு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணியும் சகலையும் வந்தார்கள். துர்காவுக்குப் பட்டுப் பாவாடை. ஒரு தூக்கில் நெய்.

"துக்க வூட்ல தீபாவளி இல்ல. கொழந்தை இன்னா பாவம் பண்ணுச்சு? இப்பவே கூட்டிக்கினு போறேன். லீவு முடிஞ்சு பாக்கலாம்" என்றாள் அண்ணி. 'கொண்டுவந்து விடறேன்' என்று அவள் சொல்லவில்லை. அது அவன் காதில் விழுந்தது.

கதவைத் தட்டும் சத்தம். அண்ணியே போய்த் திறந்தாள். அலமுவும், பின்னால் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டபடி நஸ்னீனும்.

"யாருமா நீங்க?"

"சங்கரிகூட குஞ்சம் கட்டறவங்கமா. அண்ணன்கிட்ட எங்க காசு இருக்குது. நாளைக்குத்தான் சொன்னோம். இவ பொண்ணு ஃபீஸு காலையில பத்து மணிக்கே கட்டணுமாம். அதான் இன்னிக்கே வந்துட்டோம்."

அண்ணி திரும்பி அவனைப் பார்த்தாள்.

நாளைக்கு வாங்க என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்தது. அடுப்படி வாசலில் துர்கா நின்றிருந்தாள். தான் இத்தனை மாதம் எண்ணிய முடிச்சுகளின் சொந்தக்காரர்களைக் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டப்பால ரெண்டாயிரத்து எழுநூறுதான் இருக்குது" என்றான். "மீதி பதினோராயிரத்து அறநூறையும் நான் செலவு பண்ணிட்டேன். சங்கரி காசுன்னு நெனச்சேன். தெரியாம எடுத்துட்டேன்."

நஸ்னீன் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அல்லா" என்றாள்.

அலமு சொன்னாள். "தெரியாம ஒரு ஆளு நூறு எடுப்பாரு, எரநூறு எடுப்பாரு. பதினோராயிரம் சில்லறையா தெரியாம எடுப்பாரு? வெள்ளிக்கெழம தலைய ஆட்டினீங்களே, அப்ப தெரியுமா தெரியாதா?"

"அப்ப தெரியும்."

"வாய தொறந்தா முத்து உதிந்துடுமா?"

மாணிக்கவேல் போனை வெளியே எடுத்தார். "எவ்ளோ? பதினொண்ணு அறநூறா? நம்பரச் சொல்லுமா, நான் போட்டு வுட்றேன். விஷயம் முடிஞ்சுது." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"போடுங்க" என்றாள் அண்ணி. பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், "கலை, கொழந்தை துணிமணிய எடுத்து வை. உன்னால முடியலபா. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மாசிக்கு எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்?"

கணக்குச் சரியாக இருந்தது. கடன் தீர்ந்துவிடும். பெண்களுக்குக் காசு கிடைத்துவிடும். துர்காவுக்குப் பால் கிடைக்கும். எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் சரியாக வந்தது. அந்தக் கணக்கில் துர்கா மட்டும் அவனிடம் இல்லை.

"வேணாம் அண்ணி" என்றான். "கடன் என்னுது. நான் கட்டறேன்."

"எதைக் கொண்டு?"

அவன் அடுப்படிக்குப் போனான். ஐந்தாவது டப்பாவைக் கவிழ்த்தான். அன்று காலைதான் சம்பளத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். ஸ்கூல் டப்பாவிலிருந்து தொள்ளாயிரம் எடுத்தான். கொண்டுவந்து நஸ்னீன் முன்னால் வைத்தான். "கடுகு மஞ்சள் முப்பத்தாறு. மூவாயிரத்து அறுநூறு. எண்ணிப் பாருங்கமா."

அவள் எண்ணினாள். இரண்டு தடவை. எழுந்து அலமுவைப் பார்த்தாள், தன் காசு மட்டும் வந்துவிட்ட குற்றத்தோடு.

"எனக்கு?" என்றாள் அலமு. "மேட்டுத் தெருவுக்கு இன்னா பதில் சொல்லுவேன்? என் வூட்ல இந்தத் தீபாவளிக்குக் கறி கெடயாது. உங்க புண்ணியத்துல."

"நூத்தி ஏழு முடிச்சு பாக்கி. புது நூல்ல நீங்களே போடுங்க. நான் நூறு கொடுக்கக் கொடுக்க ஒண்ணொண்ணா அவிழ்க்கலாம்."

அலமு வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "பதினஞ்சு வருஷமா குஞ்சம் கட்டறேன். அவிழாத முடிச்சுக்குத்தான் எனக்குக் கூலி. அவிழற முடிச்சு போட்டு உங்ககிட்டயே குடுத்தா, நீங்களே நாலு அவிழ்த்துட்டு குடுத்துட்டேன்னு சொல்ல மாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்?"

"நான் எண்ணுவேன்" என்றாள் துர்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் டெய்லி எண்ணுவேன். உங்குளுது முப்பத்தெட்டு. போன மாசம் முப்பத்து ரெண்டு இருந்துது. சிவப்பு நாப்பத்தி ரெண்டு. கத்திரிக்கா இருபத்தேழு."

அலமு ஆணிப் பக்கம் போகவில்லை. சரிபார்க்கவில்லை. தன் நூலில் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். குழந்தையை உற்றுப் பார்த்தாள்.

"அப்பன் அவிழ்த்தா சொல்லுவியாடி?"

"சொல்லுவேன்."

"சரி." தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "நூல எடுத்தாங்க. இவ இங்க இருக்கற வரைக்கும் நான் பொறுத்துக்கறேன். இவ இல்லன்னா அடுத்த நாளே மொத்தமும் வேணும். சொல்லிட்டேன்."

அதை அவள் அவனைப் பார்த்துச் சொன்னாளா, அண்ணியைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை. மாணிக்கவேல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நூற்றியேழு முடிச்சுப் போட முக்கால் மணி நேரம் ஆனது. அவிழும் முடிச்சுக்கு அலமுவின் விரல் பழகவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவனைத் திட்டிக்கொண்டே போட்டாள். அண்ணி அடுப்படியில் நின்றாள். அவன் எட்டிப் பார்த்தபோது நீல நூலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தங்கையின் முடிச்சு. ஒன்பதையும் தடவி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போகும்போது பட்டுப் பாவாடையையும் நெய்யையும் வைத்துவிட்டுப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாசி இருக்குதுல்ல கலை. வருவேன்."

அடுத்த வாரம் அவன் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தான். ஒரு மருந்துக் கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொடுத்தான். டீயை விட்டான். வாரக் கடைசியில் அலமுவிடம் நானூறு கொடுத்தான். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நான்கு முடிச்சுகளை அவிழ்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, பல் தேய்ப்பதற்கு முன்பே, அவன் ஆணிப் பக்கம் போய் எண்ணினான். நூற்று இரண்டு. ஒன்று குறைகிறது. யார் அவிழ்த்தது? தூக்கத்தில் தானேயா?

"நூத்தி மூணுப்பா" என்றாள் துர்கா பின்னால் நின்று. "நீ மேல இருக்கறத வுட்டுட்ட."

மறுபடி எண்ணினான். அவள் சொன்னதுதான் சரி.

மாசிக்குப் பதினான்கு வாரம் இருந்தது.